வெள்ளைக் குமிழ்

அக்காவும் தங்கையும் தோழிகளோடு சேர்ந்து நடத்தும் படக்கதைப் பதிப்பகத்தின் ஒற்றை அறையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டைப் பிரித்து, கதை எழுதிய அக்கா ஒரு பிரதியைப் புரட்டுகிறாள். படங்கள் அப்படியே இருக்கின்றன. பேச்சுக் குமிழ்களில் மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை. படம் வரைந்த தங்கை பேயறைந்தாற்போல் நிற்கிறாள். "படத்தை மட்டும் பாக்கறதுக்காக கம்ப்யூட்டர்ல எழுத்து இருக்கற லேயரை ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். அப்படியே அச்சுக்கு அனுப்பிட்டேன்க்கா." மின்விசிறி பக்கங்களை மெல்லத் தூக்கித் தூக்கி வைக்கிறது. கடைசிக் கட்டத்தில் ரயில் நகர்கிறது, சன்னலோரம் அம்மா கையசைக்கிறாள், அவள் தலைக்குமேல் பகல் நிலாபோல் ஒரு வெள்ளைக் குமிழ் மிதக்கிறது. "நம்ம அம்மா உங்கிட்ட கடைசியா சொன்னதுகூடப் போச்சேக்கா." அக்கா அந்த வெள்ளையை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறாள். "அது நானா எழுதினதுடி. அன்னிக்கு ரயில் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலை."