மைனாவின் பயம்

பங்களாக் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளிக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூட ஓட்டில் குடியிருந்த மைனாவுக்கு அது அரைகுறையாக வரும். ஆனாலும் இரண்டும் நெருங்கிப் பழகின.

கிளி வழக்கமாகப் போகும் கொய்யாத் தோப்பில் ஒருநாள் வலை விரித்திருந்தார்கள். அதைப் பார்த்த மைனா பதறிப் பறந்து வந்து, "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் யூ" என்றது. உனக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என்பதைத்தான் அது அப்படிச் சொன்னது.

"என்னைக் கண்டா பயப்படுகிறாய்?" என்று கேட்ட கிளிக்குத் தன் வளைந்த அலகை நினைத்துக் கூச்சமாகிவிட்டது. பதிலுக்குக் காத்திராமல் தோப்புக்கே பறந்துபோனது.

வலை அதன் காலைச் சுற்றிக்கொண்டது. பின்னாலேயே வந்த மைனா முடிச்சைக் கொத்த ஆரம்பித்தது. தோட்டக்காரரின் பேச்சுக்குரல் நெருங்கியது.

"நீ போய்விடு. உனக்குத்தான் என்னைக் கண்டால் பயமாயிற்றே" என்றது கிளி.

"அஃப்ரெய்ட் ஆஃப் யூ" என்று மறுபடியும் அதையே சொன்ன மைனா இன்னும் வேகமாகக் கொத்தியது. அதன் அலகோரத்தில் ரத்தம் கசிந்தது.

கிளி அந்த ரத்தத்தையே பார்த்தது. "ஆஃப் இல்லை, ஃபார். எனக்காகப் பயந்தாயா?" என்று மெல்லக் கேட்டது.

மைனாவுக்கு வித்தியாசம் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டியது.

முடிச்சு அறுந்து இரண்டும் வெகுதூரம் பறந்துவிட்ட பிறகும், கிளி தனக்குள் அந்தச் சின்னச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தது.