புதைத்த லைட்டர்

தணிகாசலம் சிகரெட் பிடிக்கத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் செவலை நாயும் கூடவே போகும். அவர் இ-சிகரெட்டுக்கு மாறியதும் அந்த நடை நின்றுபோனது. ராத்திரியெல்லாம் கட்டிலிலேயே ஊதிக்கொண்டிருந்தார். இருமல் குறைந்தது, தூக்கமும் போயிற்று. விடிந்தால் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார்.

“சோபாவுக்கு அடியில பழைய லைட்டர் கிடக்குது. எடுத்துக் கொடு. பழைய மனுஷனாயிடுவார், நாமளும் வெளியே போகலாம்” என்று செவலையிடம் சொன்னது, வாசலில் தூசி படிந்து கிடந்த அவருடைய செருப்பு.

செவலை லைட்டரைக் கவ்வியது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நேரே போய்ப் பூந்தொட்டி மண்ணில் அதைப் புதைத்தது.

“அடப்பாவி, இனி நம்ம கதி?” என்று அலறியது செருப்பு.

செவலை அந்தச் செருப்பையே கவ்விக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தது. அவர் கையை ஓங்கினார். செவலை நகரவில்லை.

ஓங்கிய கை மெல்ல இறங்கிச் செருப்பின் தூசியைத் தட்டியது.