தட்டு முத்துவீரன்

1954-இல் கொடுத்த மனுவை விசாரிக்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தாசில்தார் 1986-இல் சேத்தூருக்கு வந்து சேர்ந்தார்.

"உங்க வைக்கோல் படப்பைப் பறக்கும் தட்டு எரிச்சதா எழுதியிருக்கீங்க. தட்டை நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலைய்யா," என்றார் முத்துவீரன். "பக்கத்து வீட்டு ரத்தினம் பாத்தான். எந்நேரமும் பீடியும் கையுமா திரிவான். வானத்துலேருந்து தட்டு எறங்கி நெருப்பைக் கக்குச்சுன்னு சத்தியம் பண்ணுனான். அதை நம்பி மனுக் கொடுத்தேன். அன்னையிலேருந்து ஊர்ல எம்பேரே தட்டு முத்துவீரன்தான்."

"அவர் இப்போ எங்க?"

"அந்த வாரமே மெட்ராசுக்குப் படிக்கப் போனவன், திரும்பவேயில்ல."

தாசில்தாரின் முகம் தெளிந்தது. "அப்போ சாட்சியைக் காணோம். தட்டு வந்தது உண்மைன்னே எழுதி பைலை முடிச்சிடறேன். உங்களுக்கும் நல்ல பேரு."

கையெழுத்து வாங்கிய நிம்மதியில் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, தீக்குச்சியை அணைக்காமல் தோளுக்குப் பின்னால் சுண்டினார். அது புதுப் படப்பின் ஓரத்தில் போய் விழுந்தது.

முத்துவீரன் பாய்ந்து அதை மிதித்து அணைத்தார். பிறகு நிமிர்ந்து, தாசில்தாரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏலே ரத்தினம், இந்தத் தடவ தட்டை நானே பாத்துட்டேம்லே!"