ட்ராமுக்குக் கிடைத்த இடம்

"அக்கா, நம்ம ட்ராமை நிறுத்த இடம் கிடைச்சாச்சு. ராயபுரம் மைதானம்!" குணசீலன் போனில் சொன்னதும் அழுதேவிட்டேன். நானும் அவனுமாகத் துருவைச் சுரண்டிச் சுரண்டி மீட்ட வண்டி.

சக்கரத்தடியில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழத்தோடு திறப்பு விழாவுக்கு ஓடினேன். மைதானத்தில் வண்டி இல்லை. இல்லாததை இருப்பதுபோல் காட்டும் மின்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிய கூட்டம் வெறும் தரையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி எங்கடா?"

"வண்டியை முழுசா ஸ்கேன் எடுத்தாச்சுக்கா. இனிமே அசல் எதுக்குன்னு அதிகாரிங்க கேட்டாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். உடைச்சு இரும்புக்குப் போட்டுட்டாங்க."

என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கண்ணாடியை நீட்டினான். மாட்டினேன். எங்கள் பச்சை ட்ராம் மணியடித்தபடி வந்தது. பழத்தைக் கீழே வைத்தேன். சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிப் போனது.

நசுங்காத பழத்தைக் குணசீலன் எடுத்துத் துடைத்தான்.

"பாருங்கக்கா, பழம்கூட வீணாகலை."