வீட்டுக் கறிக்கு ஒன்று

உல்லாசக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஆறு மணி நேரத்துக்குள், கணவர் சூசை கடைசிவரை மீன்பிடித்த ஆஸ்திரேலியச் சிற்றூரைப் பார்க்க இறங்கினாள் செலஸ்டீனா. அவர் இறந்து மூன்று வருடம். அவர் இருந்தபோதே அவருடைய தொழிலையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்ட தானியங்கிப் படகு, ஆளில்லாமலே கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"அவரு பண்ணுனதெல்லாம் இதும் பண்ணுமுங்க அம்மா," என்றான் படகைப் பராமரிக்கும் கோயம்புத்தூர்க்கார மெக்கானிக் பிரகலாதன். "ஒரே ஒரு கோளாறு. தெனமும் நல்ல மீனா ஒண்ணை ஓரமா ஒதுக்கிப் போடுது. ஏன்னே தெரியலீங்க. இன்னைக்கு அந்தப் பழக்கத்தை அழிச்சுப்போடச் சொல்லீட்டாங்க கம்பெனில."

ஓரக் கூடையில் ஒற்றை விளமீன் கிடந்தது.

"கோளாறு இல்லய்யா, அது வீட்டுக் கறிக்கு. பொண்டாட்டிக்கு ஒண்ணு எடுத்து வச்சிட்டுத்தான் எங்க ஆளுக மிச்சத்த ஏலம் விடுவாக. நான் ஊர்ல கெடந்தும், இந்த மனுசன் இங்கயும் எடுத்து வச்சிருக்காரே!"

பச்சை மீனைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். தெரிந்தும் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"அழிக்கறதுக்கு முன்னால இதுல போடுய்யா. மூணு வருசமா வாங்க ஆளில்லாமக் கெடந்திருக்கு."