நட்டு இல்லாத மெஷின்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிலும் ஒன்று போதுவதில்லை என்று முணுமுணுத்தபடி, பம்பு மெக்கானிக் கிழவர் மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். ஜன்னல் வெயில் கம்ப்யூட்டர் திரையில் விழுந்து எழுத்தை மறைக்கிறது. திட்டிக்கொண்டே அவர்தான் திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். பதினோரு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. குழந்தை பிறக்கும் முன்பு எழுதிய புரோகிராம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பழைய பதிப்பில்தான் ஓடும். போன மாதம் எழுதியது புதியதில்தான் ஓடும். இரண்டையும் ஓட்டிக் காட்டினால்தான் வேலை. புரோகிராமை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் ‘நோட்புக்’ ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு பக்கத்துக்குப் பழைய பதிப்பு, மறுபக்கத்துக்குப் புதிய பதிப்பு என்று பொருத்திக்கொண்டிருக்கிறாள். மூன்று முறை சிவப்பு எழுத்தில் பிழை வந்துவிட்டது.

“நோட்டுன்னா தாள் இருக்கணும். பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஆக வேண்டியதைப் பாரும்மா.”

“உங்க பெட்டியில இஞ்சு ஸ்பேனர், மில்லிமீட்டர் ஸ்பேனர்னு ரெண்டு செட்டு எதுக்கு மாமா?”

“பழைய பம்பு வந்தா? உன் மில்லிமீட்டரைப் போட்டு நட்டை மழுங்கடிக்கவா?”

“இதுவும் அதேதான்.”

அவள் மறுபடி தட்டுகிறாள். பழைய பக்கத்தில் பிழை இல்லாமல் எண்கள் வரிசையாக இறங்குகின்றன. அடுத்து புதிய பக்கத்திலும். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள், கண் மட்டும் சிரிக்கிறது. உள்ளறையில் குழந்தை சிணுங்குகிறது. எழப்போனவளைக் கையமர்த்திவிட்டு, கிழவர் போய்க் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்கிறார். “ஸ்பேனரைக் கையில பிடிக்கலாம். உங்கம்மா மெஷின்ல ஒரு நட்டு உண்டா, போல்ட்டு உண்டா?” என்று அதனிடம் முறையிட்டபடி வாசலைத் தாண்டி நடக்கிறார்.