மூன்றாவது முறிவு

“ஒரே வருஷத்துல மூணாவது முறிவு. வழுக்கி விழுந்தேன்னு கதை விடாதீங்கம்மா. புருஷன் அடிக்கிறாரா?” எலும்பு டாக்டரம்மாவின் குரலில் அனல் பறந்தது.

“அவர் என்மேல கை வச்சதே இல்ல. தங்கமான மனுஷன்” என்று அவளும் சீறினாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரின் குரல் தணிந்தது.

“மன்னிச்சிடுங்கம்மா. உங்களுக்கு ரொம்ப வருஷமா எச்.ஐ.வி. இருந்திருக்கு. அந்தக் கிருமிதான் எலும்பை இப்படி அரிச்சிருக்கு. மருந்து இருக்கு, சமாளிச்சிடலாம்.”

வெளியே காத்திருந்த கணவனிடம் போய்ச் சொன்னாள். அவன் அதிரவில்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

“எனக்கு இந்த நோய் இருக்குன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். சொன்னா வேணாம்னுடுவியோன்னு மறைச்சிட்டேன்.”

அவள் மறுபடி உள்ளே போனாள்.

“நீங்க கேட்டதுதான் சரி டாக்டர். என் எலும்பை உடைச்சது அவர்தான். போலீஸுக்கு எழுதிக் கொடுங்க.”